முதலில் மாடிப்படியைப் பார்

விக்கிரமசிங்கபுரம்
ஐப்பசி 14

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மலையில் நல்ல மழை. ஆற்றில் செந்தண்ணீர் போகிறது. மருமகளுக்கு மசக்கை தெளிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கிளாஸ்கோவில் வேலை உறுதி, இனி வீடு பார்க்க வேண்டும் என்று நீ சொன்ன அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டார்: "போனில் சொன்னால் 'சரிம்மா, சரிம்மா' என்பான். எழுதிப் போடு." நீ ஆச்சியோடு இருந்து படித்த பதினொரு வருஷமும் நாங்கள் அந்த ஊரில்தான் வாடகைக்குக் கிடந்தோம். எங்கள் கதையை விடு. வீடு பார்க்கிற விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

நீ அனுப்பின பதினான்கு படத்தில் ஒன்பது சமையலறைப் படம். பளபளவென்று மேடை, புது அடுப்பு, கதவைத் திறந்தால் விளக்கு எரிகிற அலமாரி. எய்யா, அந்த ஊரில் சமையலறையை இரண்டு வாரத்தில் மாற்றிவிடலாம். கூரையையும் சுவரையும் மாடிப்படியையும் மாற்ற முடியாது. அவை ஒருத்தருக்கு மட்டும் சொந்தமும் இல்லை. அங்கே வீட்டுக்குள் வருகிற தொல்லையில் முக்கால்வாசி வீட்டுக்கு வெளியே, ஒரு கட்டடத்து எட்டுக் குடும்பத்துக்கும் பொதுவான இடத்தில்தான் கிளம்பும். அதனால் படத்தில் இல்லாத இடத்தைத்தான் நீ போய்ப் பார்க்க வேண்டும்.

திருநெல்வேலி டவுனில் பெரியம்மா குடியிருந்த வளவு நினைவிருக்கிறதா? நடுவில் நடை, இரண்டு பக்கமும் வீடு, கிணறு பொது, வாசல் பொது. அந்த வளவைத் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக நாலு அடுக்கு வைத்தால் கிளாஸ்கோ டெனமென்ட். தெருவிலிருந்து உள்ளே போகிற பொது நடைக்கும் மாடிப்படிக்கும் சேர்த்து 'குளோஸ்' என்று பெயர். ஒவ்வொரு தளத்திலும் இரண்டு அல்லது மூன்று வீடு; இரண்டு என்றால் மொத்தம் எட்டு. பின்னால் பொது முற்றம், அங்கேதான் குப்பைத் தொட்டிகள். விலாசத்தில் 2/1 என்று இருந்தால் இரண்டாவது மாடி, படியேறி நின்றால் இடது கையிலிருந்து எண்ணி முதல் வீடு. 0/2 என்றால் தரைத்தளம். இந்த எண்ணைத் தபாலில் விட்டுவிட்டால் கடிதம் எட்டுக் கதவில் எதற்கு வேண்டுமானாலும் போகும்.

இந்த வீடுகளில் பெரும்பாலானவை 1850க்கும் 1914க்கும் நடுவே கட்டியவை. மணற்கல் சுவர், 60 சென்டிமீட்டர் கனம். அறைக்குள் உயரம் 3 மீட்டர் சுமாருக்கு. கப்பல் பட்டறையிலும் ரயில் என்ஜின் பட்டறையிலும் வேலை பார்த்தவர்களுக்கும், அவர்களிடம் கணக்கு எழுதினவர்களுக்கும் கட்டியது. கிளாஸ்கோவிலேயே ஸ்பிரிங்பர்னில் இரண்டும் போல்மடியில் ஒன்றுமாக இருந்த மூன்று என்ஜின் கம்பெனிகள் 1903இல் ஒன்றாகி நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் ஆனது. நம் நாட்டு ரயில்பாதைக்கும் அங்கிருந்து என்ஜின்கள் வந்திருக்கின்றன. 1962இல் மூடிவிட்டார்கள். பக்கத்து கிளைட்பேங்க்கில் சிங்கர் தையல் மெஷின் தொழிற்சாலை 1980இல் மூடினது. மேற்கே பெய்ஸ்லியில் கோட்ஸ் நூல் மில். நம்ம ஊர் மில்லை 1880களில் ஆரம்பித்த ஹார்வி சகோதரர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1974இல் அந்தப் பெய்ஸ்லி கோட்ஸும் மதுரா மில்ஸும் சேர்ந்துதான் மதுரா கோட்ஸ். நம்ம மில் சங்கு இன்னும் ஊதுகிறது. பெய்ஸ்லியின் பெரிய மில்கள் ஓய்ந்து, ஒன்று குடியிருப்பாகக்கூட ஆகிவிட்டது.

1930களில் 10 லட்சத்துக்கு மேல் ஜனம் இருந்த ஊரில் இன்றைக்கு 6 லட்சத்துச் சொச்சம். பட்டறை மூடினது ஒரு காரணம். இடிந்த வீடுகளைத் தட்டிவிட்டு, ஈஸ்ட் கில்பிரைட், கம்பர்நால்ட் என்று புது ஊர்களுக்குக் குடும்பங்களை அனுப்பினது இன்னொன்று. எம்8 நெடுஞ்சாலையை ஊருக்கு நடுவே வெட்டிக் கொண்டுபோனது வேறு. அதனால் ஒரே தெருவில் நல்ல கல் கட்டடம், அடுத்து வெறும் புல்தரை, அடுத்து 1970களின் கான்கிரீட் என்று பல்லுப் போன வாய் மாதிரி இருக்கும். ஏரியா பெயரைக் கேட்டு நல்லது கெட்டது முடிவு செய்யாதே. அங்கே கணக்கு தெருவுக்குத் தெரு, குளோஸுக்குக் குளோஸ் மாறும். (கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் இப்பவும் கப்பல் கட்டுகிறார்கள். போர்க்கப்பல். ஊரே செத்துப்போச்சு என்று பேசுகிறவனை நம்பாதே.)

இனி பார்க்கிற முறை. வீட்டு ஏஜென்ட் குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னால் போ. முடிந்தால் மழை நாளாகப் போ. அந்த ஊரில் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எதிர்த்த நடைபாதையில் நின்று தலையைத் தூக்கிக் கூரையைப் பார். சிலேட் ஓடு நழுவி இடைவெளி தெரிகிறதா? கூரையோர வாய்க்காலில் செடி முளைத்திருக்கிறதா? ஊதாப் பூ பூக்கிற பட்லியா என்று ஒரு செடி. மதிலில் அரசங்கன்று முளைக்குமே, அதே மாதிரி. அது நிற்கிற இடத்தில் வாய்க்கால் அடைத்திருக்கிறது. தண்ணீர் குழாயில் இறங்காமல் சுவரில் வழியும். இறங்குகுழாய்க்குப் பின்னால் சுவர் பச்சையாகவோ கருப்பாகவோ ஓடியிருந்தால், உள்ளே அதே இடத்தில் ஓதம் ஏறியிருக்கும். எத்தனாவது ஜன்னல் பக்கம் என்று எண்ணி வைத்துக்கொண்டு, உள்ளே போனதும் அந்த மூலையைத் தொட்டுப் பார்.

கல்லையும் பார். கரி பிடித்துக் கறுத்திருந்தால் பயப்படாதே. அது 1956இல் சுத்தக் காற்றுச் சட்டம் வருவதற்கு முன்னால் இருந்த நிலக்கரிப் புகை. பயப்பட வேண்டியது, கல்லின் முகம் அப்பளம் மாதிரி உரிந்து வருவதற்கு. ஒரு காரணம், கறுப்பைப் போக்க மணலும் அமிலமும் அடித்துத் தோலை எடுத்தது. இன்னொரு காரணம், இணைப்புகளில் சிமென்ட் பூசினது. மணற்கல் ஈரத்தை உறிஞ்சும், பிறகு சுண்ணாம்புக் காரை வழியாக வெளியே விடும். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி இல்லை. கல்லுக்குள்ளேயே நின்று, குளிரில் உறைந்து, முகத்தைப் பிளந்துவிடும். ஆச்சி வீட்டுக் காரைச் சுவருக்கு உன் மாமா சிமென்ட் பூசினதும் உப்புப் பூத்துக் கொட்டியதே, அதே சங்கதிதான்.

அடுத்து குளோஸ். வாசல் கதவு தானாக மூடிப் பூட்டிக்கொள்கிறதா? படியில் விளக்கு எரிகிறதா? படிக்கட்டு ஜன்னல் உடைந்திருக்கிறதா? தபால் காகிதம் தரையில் குவிந்து கிடக்கிறதா? பழைய மெத்தை நிற்கிறதா? சில குளோஸில் சுவரில் பாதி உயரத்துக்கு அழகான பீங்கான் ஓடு பதித்திருக்கும். அதற்கு 'வாலி குளோஸ்' என்று பெருமையாகச் சொல்வார்கள். ஓடு இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் ஒன்றும் குறையில்லை. கூட்டியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். முன்பெல்லாம் படி கழுவுகிற முறை வைத்து, "இந்த வாரம் உங்கள் முறை" என்று எழுதின அட்டையைக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார்கள். நம்ம வளவில் வாசல் தெளிக்கிற முறை மாதிரி. இப்போது அனேகமாக ஆள் வைத்துக் கழுவுகிறார்கள். அந்தக் காசை எட்டு வீடும் ஒழுங்காகக் கொடுக்கிறதா என்பதைப் படியே சொல்லிவிடும். படிக்குக் காசு கொடுக்க மனசில்லாத குளோஸில் கூரைக்கு யார் கொடுப்பார்கள்?

அப்படியே மேல் தளம் வரைக்கும் ஏறிவிடு, உன் வீடு முதல் மாடியாக இருந்தாலும். உச்சியில் கூரைக்கண்ணாடி இருக்கும். அதன் ஓரத்தில் பழுப்பு வளையமாகக் கறை இருந்தால் ஒழுக்கு. மேல்வீட்டுக்காரர் எதிர்ப்பட்டால் "கூரை எப்படி?" என்று நேராகக் கேள். கிளாஸ்கோக்காரர்களுக்குப் பேச்சுக் கொடுத்தால் போதும். பத்து நிமிஷத்தில் கட்டடத்தின் ஜாதகமே வந்துவிடும்.

எந்தத் தளம்? தரைத்தளத்தில் ஓதம் ஏறும், ஜன்னலுக்கு வெளியே ஆள் நடக்கும். உச்சித்தளத்தில் வெளிச்சம் உண்டு, ஆனால் ஒழுக்கு முதலில் அங்கேதான், குழந்தை வண்டியைத் தூக்கிக்கொண்டு ஆறு வளைவு ஏறவேண்டும். லிஃப்ட் என்று ஒன்று இந்தக் கட்டடங்களில் கிடையாது. என் கணக்குக்கு முதல் மாடி அல்லது இரண்டாவது.

திசை விஷயத்தில் நம்ம ஊர் புத்தியைக் கழற்றி வை. இங்கே மேற்கு வெயில் விழுகிற அறையை யாருக்கும் கொடுக்க மாட்டோம். அங்கே தெற்கும் மேற்கும்தான் பாக்கியம். மார்கழியில் காலை எட்டே முக்காலுக்கு விடிந்து மூணே முக்காலுக்கு அடைந்துவிடும். நடுப்பகலிலேயே சூரியன் 11 டிகிரிக்கு மேல் ஏறாது. அந்த உயரத்தில் 15 மீட்டர் கட்டடத்தின் நிழல் 80 மீட்டர் சுமாருக்கு நீளும்; தெருவோ அதில் கால்வாசி அகலம். எதிரே தெற்கில் கட்டடம் இருந்தால் கீழ்த்தளங்களுக்குக் குளிர்காலம் முழுக்க வெயிலே விழாது என்று அர்த்தம். வெயில் விழாத வீட்டில் சுவர் காயாது, மனசும் காயாது. இன்னொன்றும் இதோடு: அந்த வெளிச்சத்தில் நம்ம தோலுக்கு வைட்டமின் டி போதாது. மருமகளும் நீயும் தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர்களுக்கு அக்டோபரிலிருந்து மார்ச் வரை போதும், நமக்கு வருஷம் முழுக்க.

உள்ளே போனதும் மூக்கைத்தான் முதலில் நம்பு. புதுப் பெயின்ட் வாடை ஒரே ஒரு சுவரில் மட்டும் அடித்தால் எதையோ மறைத்திருக்கிறார்கள். ஓதம் மூன்று விதம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. மழை பெய்த மறுநாள் திட்டாக வந்து, ஓரம் பழுப்பாக இருந்தால் வெளியிலிருந்து வருவது. கூரை, வாய்க்கால், அல்லது வெளியே புடைத்து நிற்கிற ஜன்னலின் மேல்தகடு. தரைத்தளத்தில் ஒரு மீட்டர் உயரம் வரை கோடு போட்ட மாதிரி ஏறி உப்புப் பூத்தால் மண்ணிலிருந்து வருவது. மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்து, குளிர்காலத்தில் மட்டும் கூடினால், அது வீட்டுக்குள் நாமே உண்டாக்குகிற ஆவி.

நாலாவது ஒன்று உண்டு. அதுதான் ராட்சசன். டிரை ராட் என்பார்கள். காளான் வாடை, பெட்டி பெட்டியாக வெடித்த மரம், ஜன்னல் திட்டில் செங்காவித் தூள். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த வீடு வேண்டாம். நனைந்த சுவருக்குள் செருகியிருக்கிற உத்தரத்தின் நுனியில் ஆரம்பித்து, செங்கல் கல்லையெல்லாம் தாண்டி அடுத்த வீட்டு மரத்துக்கும் போய்விடும். ஜன்னலடியில் தரையை மிதித்துப் பார். அமுங்கினால் வெளியே வந்துவிடு.

ஜன்னல் ஒவ்வொன்றையும் திறந்து மூடு. மேலும் கீழும் நகர்கிற பழைய மரஜன்னலைப் பெயின்ட் அடித்தே ஒட்டவைத்திருப்பார்கள். காற்று வராத வீட்டில் நம்ம சமையல் நடக்காது. சோறு வடித்து, குக்கர் நாலு விசில் விட்டு, ஒரு மிஷின் துணியை ரேடியேட்டரில் போட்டால், துணியிலிருந்து மட்டும் 2 லிட்டர் தண்ணீர் காற்றில் ஏறும். அது போய்க் குளிர்ந்த வெளிச்சுவரில் உட்காரும். அதனால் சமைக்கும்போது கதவைச் சாத்து, ஜன்னலை இரண்டு விரல் திற, பாத்திரத்தை மூடு. துணி காயப்போடச் சமையலறை மோட்டில் கயிறும் கப்பியும் வைத்து நாலு மரச்சட்டம் தொங்கும். புல்லி என்பார்கள். அது இருந்தால் கழற்றச் சொல்லாதே, அதைவிட நல்ல சாமான் அந்த ஊரில் இல்லை. சூடு மேலே இருப்பதால் வெருசாகக் காயும். காலையில் ஜன்னல் கண்ணாடியில் நிற்கிற தண்ணீரைத் துணியால் துடைத்து அங்கணத்தில் பிழிந்துவிடு. ரேடியேட்டரில் போட்டால் அதே தண்ணீர் திரும்பக் காற்றுக்குத்தான் போகும். கட்டிலையும் பீரோவையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடு. சூட்டை இரவில் முழுக்க அணைத்து, காலையில் 25க்கு ஏற்றுவது வீண் செலவு, பூஞ்சணத்துக்கும் விருந்து. 18 டிகிரி சுமாருக்கு விடாமல் வைத்துக்கொள்.

அந்த 18 டிகிரியில் இட்லி மாவு பொங்காது. மருமகளிடம் சொல்: ஓவனைப் போடாமல் அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வைத்தால் 14லிருந்து 16 மணி நேரத்தில் பொங்கிவிடும். ஓவன் கதவில் "மாவு இருக்கிறது" என்று சீட்டு ஒட்டச் சொல். இல்லாவிட்டால் நீ பீட்சா சூடாக்கப் போய் ஓவனை 200இல் திருகுவாய்.

தாளிக்கும்போதும் சமையலறைக் கதவைச் சாத்த வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து ஸ்காட்லாந்தில் எல்லா வீட்டுக்கும் சட்டம்: ஹாலில் ஒன்று, நடையில் ஒன்று புகை அலாரம், சமையலறையில் சூட்டு அலாரம், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். கேஸ் பாய்லர் இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரமும். சமையலறையில் இருப்பது சூட்டுக்கு மட்டும் கத்தும், கடுகு வெடித்தால் கத்தாது. ஆனால் கதவு திறந்திருந்து மிளகாய்வற்றல் புகை நடைக்குப் போனால் வீடே கத்தும். அதற்காக அலாரத்தைக் கழற்றி வைக்காதே.

பாய்லரில் ஒரு சின்ன முள் இருக்கும். பாய்லர் ஆறியிருக்கும்போது அழுத்தம் 1லிருந்து 1.5 'பார்' (bar) என்று அது காட்ட வேண்டும். அதற்குக் கீழே விழுந்தால் பாய்லர் நின்றுவிடலாம். அடியில் இருக்கிற குழாய்த் திருகைத் திறந்து ஏற்றலாம். வாரா வாரம் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது, வீட்டுக்காரரிடம் எழுத்தில் சொல். கடுங்குளிரில் பாய்லர் 'களக் களக்' என்று சத்தம் போட்டு நின்றால், சுவருக்கு வெளியே போகிற வெள்ளை பிளாஸ்டிக் குழாய் உறைந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை அதன்மேல் ஊற்று. கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் குழாய் வெடிக்கும்.

இப்போது சொல்லப்போவதுதான் மருமகளுக்காக நான் பேனாவை எடுத்த காரணம். கிளாஸ்கோவுக்கு லாக் கேட்ரின் என்ற மலை ஏரியிலிருந்து 1859 முதல் தண்ணீர் வருகிறது; 42 கிலோமீட்டர் கால்வாயில், பம்ப் இல்லாமல் சரிவிலேயே ஓடி வருகிற தண்ணீர். தாமிரவருணித் தண்ணீர் குடித்தவர்களுக்கும் குறை சொல்ல இடமில்லாத ருசி. கெட்டிலில் உப்புப் படியாது, பருப்பு சீக்கிரம் வேகும். ஆனால் உப்பில்லாத மெல்லிய தண்ணீர்தான் ஈயத்தைக் கரைக்கும். 1970க்கு முன்னால் கட்டிய வீடுகளில் ஈயக் குழாய் இருக்கலாம். ஈயம் கரையாமலிருக்கத் தண்ணீரில் பாஸ்பேட் சேர்க்கிறார்கள், அதனால் ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. வயிற்றுப் பிள்ளைக்கும் கைக்குழந்தைக்கும் ஈயம் மூளைக்குக் கெடுதல்.

சோதிப்பது எளிது. சமையலறை சிங்க்குக்கு அடியில் சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ வருகிற குழாயைப் பார். செம்பு சிவப்பாகத் தெரியும். பிளாஸ்டிக் நீலமோ கறுப்போ. மங்கின சாம்பல் நிறத்தில், இணைப்பில் உருண்டையாகப் புடைத்து, நாணயத்தால் கீறினால் வெள்ளிமாதிரி மின்னினால் ஈயம். அந்த வீடு மற்றதில் எல்லாம் நன்றாக இருந்தாலும், குழாயை மாற்றிக் கொடுத்தால்தான் வருவோம் என்று சொல். வெளியே தெருவிலிருந்து வருகிற துண்டு தெரியாது என்பதால், குடிபோனபின் ஸ்காட்டிஷ் வாட்டரிடம் (அங்கத்துத் தண்ணீர் வாரியம்) சோதனை கேள். முடிவு வருகிறவரைக்கும் காலையில் முதல் தண்ணீரைப் பிடிக்காதே; இரண்டு நிமிஷம் ஓடவிட்டுப் பிடி. சோற்றுக்குச் சூட்டுக்குழாயில் பிடிக்காதே, சூட்டில் அதிகம் கரையும். கொதிக்கவைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். கிருமி சாகும், ஈயம் சாகாது. தண்ணீர் வற்றினால் ஈயத்தின் அளவுதான் கூடும்.

மண்ணுக்கும் இதே மாதிரி ஒரு எச்சரிக்கை. தென்கிழக்கே ரதர்க்ளென், ஷாஃபீல்ட் பக்கம் பழைய குரோமியம் தொழிற்சாலையின் கழிவை வருஷக்கணக்காகக் கொட்டிப் பள்ளங்களை நிரப்பியிருக்கிறார்கள். போல்மடி ஓடை சில சமயம் பச்சையும் மஞ்சளுமாக ஓடும். மற்ற இடங்களிலும் பழைய பட்டறை நிலத்தில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் முழுக்கத் தெரியாது. மருமகள் பின்முற்றத்தில் கீரை போட ஆசைப்பட்டால் மரப்பெட்டி அடித்து, கடையில் வாங்கின மண்ணைப் போட்டு அதில் விதைக்கட்டும். வெந்தயமும் கொத்தமல்லியும் ஜன்னலோரத்திலேயே வரும்.

காசு விஷயம். ஸ்காட்லாந்துச் சட்டம் இங்கிலாந்துச் சட்டம் இல்லை, லண்டன் சிநேகிதன் சொல்வதைக் கேட்டு ஏமாறாதே. 2017 டிசம்பருக்குப் பிறகு போடுகிற வாடகை ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. நீ 28 நாள் முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டுக் காலி செய்யலாம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்ல வேண்டுமானால் சட்டத்தில் இருக்கிற 18 காரணத்தில் ஒன்று வேண்டும். அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் 30 வேலைநாளுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற வைப்புத் திட்டத்தில் கட்டிவிட வேண்டும். தரகுக் காசு, பேப்பர் காசு என்று குடிவருகிறவரிடம் வாங்கவே கூடாது. விளம்பரத்தில் வீட்டுக்காரரின் பதிவு எண் இருக்க வேண்டும், இல்லையென்றால் பணம் அனுப்பாதே. வீட்டைக் கண்ணால் பார்க்காமல் எப்போதுமே அனுப்பாதே. கேஸ் சோதனைச் சீட்டு வருஷத்துக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஐந்து வருஷத்துக்கு ஒன்று. இரண்டையும் காட்டச் சொல்.

இங்கே வீட்டுத் தீர்வை வீட்டுக்காரர் கட்டுவார். அங்கே கவுன்சில் டாக்ஸ் குடியிருக்கிறவர் தலையில். ஏ முதல் எச் வரை படிகள். எந்தப் படி என்று கேட்டு வாடகையோடு கூட்டிப் பார். தண்ணீர்க் காசும் அதே பில்லில் வந்துவிடும், தனியாக மீட்டர் இல்லை. கரண்டும் கேஸும் முன்பணம் போடுகிற மீட்டராக இருந்தால், சாவி வாங்குகிற அன்றே எண்ணைப் படமெடுத்துக் கம்பெனிக்குச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் முன்னால் இருந்தவனின் கடனை உன் காசிலிருந்து கழிப்பான்.

பின்னால் வாங்குகிற எண்ணம் இருந்தால் அப்போது தனியாக எழுதுகிறேன். இப்போதைக்கு இரண்டு சொல். விற்கிறவர்தான் வீட்டின் நிலையைச் சொல்கிற ஹோம் ரிப்போர்ட் கொடுப்பார். அதில் கூரைக்கும் சுவருக்கும் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். 3 என்றால் உடனே செய்ய வேண்டிய பழுது. அடுத்து 'ஃபேக்டர்' யார் என்று கேள். கட்டடத்தின் பொதுவேலையைப் பார்த்து, காசைப் பங்கு பிரித்து பில் அனுப்புகிற நிர்வாகி. ஃபேக்டரைத் திட்டாத கிளாஸ்கோக்காரர் கிடையாது. ஆனால் ஃபேக்டரே இல்லாத கட்டடத்தில் ஒரு வாய்க்கால் சுத்தம் செய்ய ஏழு கதவைத் தட்டவேண்டும். 2004ஆம் வருஷச் சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால், பாதிக்கு மேற்பட்ட வீடுகள் ஒத்துக்கொண்டால் கூரைப் பழுதுக்கு எல்லாரும் கொடுத்தாக வேண்டும், தரைத்தளத்துக்காரர் உள்பட. "எனக்கெதற்குக் கூரை?" என்ற பேச்சு எடுபடாது. பத்து ஓடு மாற்றுகிற செலவைவிட அதற்குச் சாரம் கட்டுகிற செலவு பெரிது. ஏறினபோதே வாய்க்காலையும் புகைபோக்கியையும் சேர்த்துச் செய்யாதவர்கள் மறுவருஷமும் சாரத்துக்குக் காசு கொடுப்பார்கள்.

போக்குவரத்து சுலபம். சப்வே ஒரே வட்டம், 15 நிலையம், ஒரு சுற்று 24 நிமிஷம். தப்பான பக்கம் ஏறினாலும் எப்படியும் வந்து சேருவாய். கிழக்குப் பக்கம் அது போகாது, அங்கே பஸ்ஸும் ரயிலும்தான். பழைய டீசல் கார் மலிவாக வருகிறது என்று வாங்காதே. 2023 ஜூனிலிருந்து ஊர் நடுவில் அதற்கு அபராதம். மளிகைக்குப் போலக்‌ஷீல்ட்ஸில் ஆல்பர்ட் டிரைவ். கறிவேப்பிலை வந்த அன்றே வாங்கி, கழுவாமல் உறையில் போட்டு ஃப்ரீசரில் வை.

பேச்சு முதல் ஒரு மாசம் புரியாது. "எங்கே ஸ்டே பண்ணுகிறாய்?" என்றால் எந்த ஓட்டலில் என்று அர்த்தமில்லை, வீடு எங்கே என்று கேட்கிறார்கள். "மெசேஜஸ் வாங்கப் போகிறேன்" என்றால் மளிகைக்கு. "ஹவ்?" என்றால் பாதி நேரம் 'ஏன்?' என்று அர்த்தம். கால்பந்து பற்றி, நீ பச்சையா (செல்டிக் அணி) நீலமா (ரேஞ்சர்ஸ் அணி) என்று கேட்டால் சிரித்துவிட்டு கிரிக்கெட் என்று சொல்.

பார்சலில் ஆச்சி கொடுத்த சுக்கு, மருமகளுக்கு நார்த்தங்காய், எலி நுழைகிற ஓட்டையை அடைக்க இரும்பு நார் நாலு உருண்டை வைத்திருக்கிறேன். சிரிக்காதே. பென்சில் நுழைகிற ஓட்டையில் அந்த ஊர்ச் சுண்டெலி நுழையும், குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் பார்.

வியாழக்கிழமை அந்த இரண்டாவது மாடி வீட்டைப் பார்க்கப் போகிறாய் அல்லவா. இந்தத் தடவை சமையலறைப் படம் வேண்டாம். எதிர்த்த நடைபாதையிலிருந்து கூரை, படியின் உச்சிக் கண்ணாடி, சிங்க்குக்கு அடியில் கீறின குழாய். இந்த மூன்று படத்தை அப்பா போனுக்கு அனுப்பு. என் போனில் படம் பெரிதாகத் தெரியவில்லை.

அன்புடன்,
அம்மா